கால் வீக்கம்தானே என்று இருந்துவிட்டேன்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாவடு போடும் பக்குவத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டதாக ஒரு வாசகி செல்லமாகத் திட்டியும் எழுதியிருக்கிறார். ஓடவில்லை தாயே, ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரித்துக் கிடந்தேன். பாட்டியாகிவிட்டேன். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மகளை அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்து வந்தோம். கொஞ்ச நாளிலேயே அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. "உன்னைச் சுமந்தப்போ எனக்குச் செருப்பே நுழையாது. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். அப்புறம் கை மோதிரம் கழற்ற வரவில்லை, சோப்பு போட்டுத்தான் கழற்றினோம். முகமும் உப்பியிருந்தது. "புள்ளைத்தாச்சிப் பூரிப்பு" என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னாள். கேட்டு நானும் பூரித்துப்போனேன். தலை வலிக்குதும்மா என்றாள். போனைக் கீழே வை, எல்லாம் சரியாகும் என்றேன்.

அந்த வாரம் துணை சுகாதார நிலையத்தில் செக்கப். நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். பார்த்துவிட்டு இடது பக்கமாகப் படுக்கவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். 150/100. சிறுநீரைப் பிடித்து வரச் சொல்லி அதில் ஒரு பட்டையை நனைத்தார். நிறம் மாறியது. சிறுநீரில் புரதம் போகிறதாம். "கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கா? மேல்வயிறு வலிக்கா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டே 108-க்குப் போன் போட்டார்.

"சாப்பிட்டுட்டுச் சாயங்காலமா போனா ஆகாதா?" என்று நான் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இதற்கு ப்ரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். ஐந்து மாதத்துக்கு மேல் பி.பி. 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் இதுதான் என்று சந்தேகப்படுவார்கள். வினை தொடங்கும் இடம் நஞ்சுக்கொடி. கவனிக்காமல் விட்டால் தாய்க்கு வலிப்பு வரலாம், குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையலாம். மாத்திரையால் பி.பி.யைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, நோய் இறங்க ஒரே வழி பிரசவம்தான் என்று டாக்டரம்மா சொன்னார். கால் வீக்கம் கர்ப்பிணிகளுக்குச் சகஜம்தான், நான் சொன்னது முழுப்பொய் இல்லை. ஆனால் முகமும் கையும் வீங்கி, தலைவலியும் சேர்ந்துகொண்டால் அது வேறு கதை.

அப்போது 35 வாரம். அட்மிட் செய்துவிட்டார்கள். மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி., தொப்புள்கொடியில் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஸ்கேன், குழந்தை எத்தனை முறை உதைத்தது என்ற கணக்கு. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. 37 வாரம் ஆனதும், "இனிமே காத்திருந்தா லாபத்தைவிட ஆபத்துதான் அதிகம். மருந்து வெச்சு வலி வரவழைக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

உடனே எங்கள் சொந்தபந்தம் முழுக்க டாக்டராகிவிட்டது. செயற்கை வலி தாங்க முடியாது என்றாள் ஒருத்தி. நாளைக்கு நாள் சரியில்லை, ரெண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்க என்று சம்பந்தியம்மா போன் செய்தார். மாப்பிள்ளைதான் போனை வாங்கி, "நல்ல நாளை டாக்டர் பாத்துட்டாங்கம்மா" என்று சொல்லி வைத்தார். அதிகம் பேசாத பையன். அன்றைக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

ஊசி போட்டால் ஒரு மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு கர்ப்பப்பை வாயில் ஜெல் வைத்தார்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பரிசோதித்து இரண்டாவது ஜெல். புதன்கிழமை முழுக்க இடுப்பைச் சுற்றி மந்தமான வலி மட்டும். எதிர்க்கட்டிலுக்கு மத்தியானம் வந்த பெண் மூன்று மணிக்குப் பெற்றுக்கொண்டு போய்விட்டாள். "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?" என்று இவள் அழுதாள். முதல் பிரசவம், தேதிக்கு மூன்று வாரம் முன்பே எழுப்புகிறோம், கர்ப்பப்பை வாய் பழுக்க நேரம் எடுக்கத்தான் செய்யும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

வியாழன் காலையில் பனிக்குடத்தை உடைத்து, ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றினார்கள். அதுவரை மழைத் தூறல், அதன்பிறகு பேய்மழை. ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்றதால் நான் உள்ளே இருந்தேன். வயிற்றில் பெல்ட் கட்டியிருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு குதிரை ஓடுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் மெதுவானால் என் நெஞ்சும் நின்றது.

மத்தியானம் பி.பி. 160/110 ஆனது. அறைக்குள் நடமாட்டம் மாறியது. பி.பி. இறங்க நரம்பில் ஊசி, வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம். உடம்பெல்லாம் தீயாய் எரியுதும்மா என்றாள். சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், டியூப் வழியாக இறங்கும் சிறுநீரை அளந்தார்கள். அந்த மருந்து அளவு மீறக் கூடாதாம். தேவைப்பட்டால் சிசேரியன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வலிக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தலை வலிக்குதுன்னு நான் அப்பவே சொன்னேன்லம்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

நாலு இருபதுக்குப் பெண் குழந்தை. சில விநாடி சத்தமே இல்லை. துணியால் முதுகைத் தேய்த்தார்கள். அப்புறம் ஒரு பூனைக்குட்டிக் குரல். 2 கிலோ 300 கிராம். தாயின் நெஞ்சோடு போட்டார்கள். எடை குறைவான குழந்தைக்கு அந்தச் சூடே மருந்து என்றார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து போனைத் திறந்தால் பத்துப் பதினைந்து மெசேஜ். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: நார்மலா, சிசேரியனா? அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டது என் சின்ன நாத்தனார் மட்டும்தான்.

பெற்றுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். அதனால் இன்னும் ஒரு நாள் முழுக்க மெக்னீசியம் ஓடியது. நாலாம் நாள் பி.பி. மறுபடி ஏறியது. மாத்திரையை மாற்றி, இன்னும் சில நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனபின் தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அந்த நிமிஷமே வண்டி ஏற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்கள், என்னைப் பார்த்து.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா, "உங்க பிரசவத்துல உங்களுக்கு பி.பி. இருந்துச்சா?" என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்திருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகமாம். செருப்பு நுழையாத கால்தான் ஞாபகம் இருக்கிறது. பி.பி.யை யாராவது பார்த்தார்களா என்பதே ஞாபகம் இல்லை.

நேற்று நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். மகளுக்கு 128/84. பேத்தியைத் தூக்கிப் பார்த்து, தாய்ப்பால் கணக்கெல்லாம் கேட்டுவிட்டு, மெஷினை மடக்கப் போனவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் கையை நீட்டுங்கம்மா."

எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து மகள், "அம்மா…" என்று ஒரு அதட்டல் போட்டாள். கையை நீட்டிவிட்டேன். நாளைக்குக் காலையில் எனக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாவடு அடுத்த வாரம்.