புள்ளி தவறினால் பொறியும் தவறும்

சிம்மக்கல் நூலகத்தினின்று ஒருநாள் மாலை வெளிப்போந்தபோது, என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் எதிர்ப்பட்டார். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் கணினிவழிக் கடைசற் பொறி இயக்குபவர்.

"ஐயா, கணினியினின்று பொறிக்கு நிரலை அனுப்பினால் பாதியில் எழுத்துகள் விழுந்துவிடுகின்றன. பழுது நீக்க வந்தவர் எதையோ மாற்றினார், காசு பெற்றார், செய்தது இன்னதென்று சொல்லவில்லை. மறுகிழமை மீண்டும் அதே பழுது!" என்று வருந்தினார்.

அவர் கையிலிருந்த கையேடு முழுதும் ஆங்கிலம். படிக்கட்டில் அமர்ந்து இருவரும் படித்தோம். உள்ளே இருந்தது மறைபொருளன்று, எழுத்திலக்கணமே!

அமெரிக்க மின்னணுத் தொழிற்கழகம் 1960-இல் வகுத்த ஆர்.எசு.232 முறைப்படி, ஒவ்வோர் எழுத்தும் 0, 1 என்னும் குறிகளாய் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்கிறது. சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் மாத்திரை ஒன்றாதல் வேண்டும். கணினி நொடிக்கு 9600 குறிகள் அனுப்ப, பொறி 4800 எனக் கொண்டால் உளறலே விளையும். எழுத்துக்கு 7 குறியா, 8 குறியா, சரிபார்ப்பு ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பவற்றிலும் இருபுறமும் ஒத்தல் வேண்டும்.

எனவே, பழுது தேடுவதற்கும் முறைவைப்பு உண்டு. எழுத்தே வரவில்லையா? வடத்தைப் பாருங்கள், ஒருபுறத்து அனுப்பும் கம்பி மறுபுறத்து வாங்கும் கம்பியோடு இணைய வேண்டும். முதலெழுத்தே உளறலா? விரைவும் குறியளவும் பொருந்தவில்லை. தொடக்கம் செவ்வையாயிருந்து இடையில் எழுத்து விழுகிறதா? பொறி விடுக்கும் "நில்" என்னும் குறிப்பைக் கணினி மதிக்கவில்லை. நினைவகம் நிரம்பி வழிகிறது. இவையனைத்தும் சரியெனில், வடத்தின் நீளத்தையும் அருகே ஓடும் மின்கம்பிகளையும் ஐயுறுங்கள்.

இளைஞரின் பழுது மூன்றாம் வகையே. கணினியை மீளத் தொடங்குந்தோறும் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பியதே கரணியம்.

இது சிறு செய்தியன்று. பொறிகள் பலவற்றில் 50 என்பதும் புள்ளியிட்ட 50. என்பதும் வேறு, புள்ளி விழுந்தால் ஐம்பது மில்லிமீட்டர் ஆயிரத்திலொரு பங்காகிவிடும். வெட்டுளி தவறான இடத்தில் பாயும், கருவி முறியும், கையும் தப்பாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டு வளர்ந்த தமிழனுக்குப் புள்ளியின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

பட்டறை உடையவர்களே! இந்நான்கு வினாக்களையும் உங்கள் பொறியின் சரியான அளவுகளையும் தமிழில் எழுதிப் பொறியருகே தொங்கவிடுங்கள். ஒரு தாளின் செலவுதான். இயக்குபவன் அறியாத பொறி, பிறன் கையிலுள்ள பொறியே!