எழுத்தாளர் வந்துபோன மறுநாள்

தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு எழுத்தாளர் ஒருவர் வருகிறார். வாசலில் வரவேற்பு, மேடையில் சால்வையும் நினைவுப் பரிசும். முக்கால் மணி நேரம் கதை சொல்கிறார். முன்கூட்டியே மனப்பாடம் செய்விக்கப்பட்ட மூன்று கேள்விகளை மூன்று குழந்தைகள் எழுந்து கேட்கின்றனர். நிழற்படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் காலை அதே வகுப்பில் பாடநூலின் அடுத்த பக்கம் திறக்கப்படுகிறது. வந்தவருடைய நூலை அவ்வகுப்பில் எத்தனை பேர் படித்திருந்தனர் என்று எவரும் கேட்பதில்லை.

எழுத்தாளர் வருகையைக் கற்றல் செயல்பாடு என்று பதிவேட்டில் குறிப்பது எளிது. ஆனால் ஒரு பருவம் முழுவதும் நடக்கும் வாசிப்புக்கும் எழுத்துக்கும் நடுவே அமையும்போதுதான் அந்த வருகை கற்றலாகிறது. முன்னும் பின்னும் ஏதுமற்ற வருகை வெறும் விழா.

இந்திய மண்ணில் இது புதிய சிந்தனையன்று. வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, தம் கல்விச் சோதனைகளை 'திவாஸ்வப்ன' என்னும் கதையாக எழுதினார். தமிழிலும் வெளிவந்துள்ள அந்நூலின் ஆசிரியர் இலட்சுமிராம், நான்காம் வகுப்பை ஏற்கும் முதல் நாளில் ஓர் 'அமைதி விளையாட்டை' நடத்த முயன்று படுதோல்வி அடைகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. பின்னர், பாடநூல் வாங்க வேண்டிய பணத்தில் கதை நூல்கள் வாங்கி வகுப்பிலேயே ஒரு நூலகத்தை அமைக்கிறார். கதையிலிருந்து வாசிப்புக்கும், வாசிப்பிலிருந்து நாடகத்துக்கும் எழுத்துக்கும் வகுப்பு நகர்கிறது. முதல் நாள் விளையாட்டு நன்கு திட்டமிடப்பட்டதுதான். குழந்தைகளின் விருப்பத்தோடு அதற்குத் தொடர்பு இல்லாததே தோல்விக்குக் காரணம்.

இதே வரிசையில் ஒரு மூன்றாம் வகுப்பின் பருவத்தை எண்ணிப் பார்க்கலாம். முதல் சில வாரங்கள் ஒரே எழுத்தாளரின் இரண்டு மூன்று சிறு நூல்கள் வகுப்பில் உரக்க வாசிக்கப்படுகின்றன; கைமாறி வீடுவரை செல்கின்றன. பிடிக்காத முடிவைக் குழந்தைகள் மாற்றி எழுதுகின்றனர். கதையில் வரும் சந்தைக்கு வரைபடம் போடுகின்றனர். கேள்விகள் தாமாகவே திரளுகின்றன: அந்த ஆடு ஏன் திரும்பி வரவில்லை? இந்தப் படத்தை வரைந்தவர் யார்? எழுதியதை அடிப்பீர்களா? அதன் பிறகே எழுத்தாளர் வருகிறார். அவர் கொண்டுவர வேண்டியது, அடித்தலும் திருத்தலும் நிறைந்த தம் கையெழுத்துப் படியை. அச்சில் வந்த வரி முதலில் வேறு மாதிரி இருந்தது என்று காணும் குழந்தைக்குத் தன் குறிப்பேட்டில் உள்ள அடித்தல் பிழையாகத் தோன்றாது. எழுத்து வேலையின் இயல்பாகத் தோன்றும். எஞ்சிய வாரங்களில் குழந்தைகள் தங்கள் கதைகளை இரண்டு முறையேனும் திருத்தி எழுதி, தைத்துக் கட்டி, வகுப்பு நூலகத்தில் வைக்கின்றனர்.

குழந்தையின் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பா என்று ஐயுறுவோர் 'சக்மக்' இதழைப் புரட்டிப் பார்க்கலாம். போபாலின் ஏகலவ்யா நிறுவனம் 1985 முதல் நடத்தும் இந்த இந்தி மாத இதழ், குழந்தைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் 'மேரா பன்னா' என்ற பகுதியைத் தொடர்ந்து ஒதுக்கிவருகிறது. சிக்கிமுக்கிக் கல் என்பதே அவ்விதழின் பெயருக்குப் பொருள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க இயலாது. 2024ஆம் ஆண்டின் அசர் கணக்கெடுப்பின்படி, ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள். எழுத்துக்கூட்டவே தடுமாறும் வகுப்பில் எழுத்தாளருக்கு என்ன வேலை என்பதே அவ்வாதம். 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவில் குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்கிறது. இலக்கு தவறன்று. பொருளுணர்தலை அளப்பது கடினம், சொற்களை எண்ணுவது எளிது என்பதால் நடைமுறையில் எண்ணிக்கையே மிஞ்சுவதுதான் தவறு. வேகம் திரும்பத் திரும்பப் படிப்பதால் வருகிறது. கட்டாயமின்றி ஒரு குழந்தை திரும்பப் படிப்பது தான் விரும்பும் கதையை மட்டுமே. ஆகவே தடுமாறும் வகுப்புக்கே கதை முதலில் தேவை.

இன்றைய நடைமுறையோ தலைகீழ். எழுத்தாளர் வருகையும் புத்தகத் திருவிழாவும் பெரும்பாலும் மாநகரங்களில் கட்டணம் செலுத்தும் ஆங்கிலவழிப் பள்ளிகளைச் சென்றடைகின்றன. அளவீட்டு அட்டவணைகள் அரசுப் பள்ளிகளைச் சென்றடைகின்றன. ஒருவருக்கு இலக்கியம், மற்றவருக்கு எழுத்தறிவு என்ற இந்தப் பிரிவினை எந்தக் கொள்கை ஆவணத்திலும் எழுதப்பட்டதில்லை. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைப்பதையே 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தன் முதல் வழிகாட்டு நெறியாகக் கொண்டது.

வளங்கள் அறவே இல்லை என்றும் கூற முடியாது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. வாங்கிய நூல்கள் கிழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அலமாரியில் பூட்டப்படுவதே பழக்கம். எழுத்தாளர்களுக்கும் பஞ்சமில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் பாலசாகித்திய விருது வழங்கிவருகிறது. அவற்றுள் சந்தாலியும் ஒன்று. வீட்டில் சந்தாலி பேசி, பள்ளியில் இந்தியோ வங்காளமோ ஒடியாவோ படிக்கும் குழந்தையின் வகுப்புக்குச் சந்தாலி எழுத்தாளர் ஒருவர் வந்தால், தாய் பேசும் மொழியிலும் நூல் உண்டு என்று அக்குழந்தை கண்ணால் காண்கிறது. வகுப்பில் அதுவரை வாய் திறவாதிருந்தவர் பேசத் தொடங்குவதற்கு அது போதுமானதாக இருக்கலாம்.

செய்ய வேண்டியவை சிலவே. வருகைக்கு முன் அந்த எழுத்தாளரின் நூல்கள் வகுப்பை அடைய வேண்டும். எழுத்தாளருக்குச் சால்வைக்குப் பதிலாக உரிய மதிப்பூதியமும் பயணப்படியும் வழங்க வேண்டும். பருவத்தின் வாசிப்பைத் திட்டமிடும் உரிமையும் நேரமும் ஆசிரியருக்கு வேண்டும்; பல வகுப்புகளை ஒருவரே கவனிக்கும் பள்ளிகளில் இதுவே மிகக் கடினமானது, ஆகவே முதலில் கவனிக்கத் தக்கது. நிழற்படத்தைச் சான்றாகக் கேட்கும் அதிகாரி, அதற்குப் பதிலாகக் குழந்தைகள் தைத்த கதைக் கட்டுகளைக் கேட்கட்டும். எழுத்தாளர் வந்துபோன மறுநாள் அவ்வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு அவையே விடை சொல்லும்.