காயம் யாருக்கு?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு ஸ்காபரோ சட்ட அலுவலகங்களுக்கு வரும் கட்சிக்காரர்களை நம்மில் பலருக்குத் தெரியும். ஆள் உட்காருமுன்னே கைப்பேசி மேசைக்கு வந்துவிடும். நபிகளைப் பழிக்கும் ஒரு படம், அல்லது குர்ஆன் பக்கத்தைக் கிழிக்கும் ஒரு காணொளி. "தம்பி, இதுக்கு வழக்கு வைக்க ஏலாதா?"

மார்க்க விடை சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். சட்ட விடை நம்முடையது. பெரும்பாலான நேரங்களில் அது 'ஏலாது' என்பதுதான். அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். தெய்வநிந்தனையைக் குற்றமாக்கிய, கனடியக் குற்றவியல் சட்டத்தின் 296ஆம் பிரிவு 2018 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. வெறுப்புப் பரப்புரைக்கான 319ஆம் பிரிவு காப்பது மனிதரை, கொள்கையை அல்ல.

இதை நாம் பட்டே அறிந்தோம். 2006 ஒக்ரோபரில் மக்லீன்ஸ் சஞ்சிகை மார்க் ஸ்டைனின் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. முஸ்லிம்கள் பெருகி மேற்குலகை விழுங்கிவிடுவார்கள் என்ற தொனி. ஒஸ்குட் ஹோல் சட்ட மாணவர்கள் சிலர் ஆசிரியரை நேரில் கண்டு, மறுப்பு எழுதச் சம அளவு இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. பிறகு கனடிய இஸ்லாமிய காங்கிரஸ் மூன்று மனித உரிமை அமைப்புகளிடம் முறையிட்டது. 2008இல் மூன்றும் கைநழுவின. ஒன்ராறியோ ஆணைக்குழு தனக்கு அதிகாரமில்லை என்று ஒதுங்கிக்கொண்டு கட்டுரையைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் யாருக்கும் நினைவில்லை. நினைவில் நிற்பது, ஸ்டைன் கருத்துரிமையின் தியாகி ஆனதுதான். எழுந்த எதிர்ப்பில் கூட்டாட்சி மனித உரிமைச் சட்டத்தில் வெறுப்புப் பேச்சைத் தடுத்த 13ஆம் பிரிவையே 2013இல் நாடாளுமன்றம் நீக்கியது. வழக்கோடு ஆயுதமும் போயிற்று. என் கணிப்பில், மாணவர்கள் முதலில் கேட்டதே சரியான பரிகாரம்: பதில் சொல்ல இடம்.

மொஹமட் ஃபாக்கியின் வழக்கு வேறு விதம். பரமவுண்ட் உணவகங்களின் நிறுவனர். 2017இல் அவருடைய மிசிசாகா உணவகத்தில் நடந்த அரசியல் நிகழ்ச்சியை ஒட்டி, கெவின் ஜோன்ஸ்டன் என்பவர் அவரைப் பயங்கரவாதத்தோடு இணைத்துக் காணொளிகள் போட்டார். 'என் மார்க்கத்தை இகழ்ந்தார்' என்று ஃபாக்கி நீதிமன்றம் போகவில்லை. 'என் பெயரைக் கெடுத்தார்' என்று போனார். 2019 மே மாதம் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் 25 இலட்சம் டொலர் வழங்கியது. அந்தப் பேச்சை வெறுப்புப் பேச்சு என்றே தீர்ப்பு சொன்னது. நீதிமன்றத் தடையை மீறிப் பேசிக்கொண்டிருந்த ஜோன்ஸ்டனுக்கு 2021இல் 18 மாதச் சிறை. காங்கிரஸுக்குக் கிடைக்காத சொல், தன் பெயருக்காக வழக்காடிய தனிமனிதருக்குக் கிடைத்தது.

ஊரில், இலங்கையில், சட்டம் இருக்கிறதே என்பார் கட்சிக்காரர். இருக்கிறது. மத வெறுப்பைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக் என்பவர் பிடிபட்டார்; முஸ்லிம்களுக்கு எதிரான பரப்புரையைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்வோம் என்று முகநூலில் எழுதியதற்காக. மாதக்கணக்கில் விளக்கமறியல். அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்போரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆகவே முதல் சந்திப்பில் கேட்க வேண்டியது, எந்த வசனம் இகழப்பட்டது என்பதல்ல. அந்தக் காணொளியில் யாருடைய பெயர் வருகிறது? எந்தக் கடை, எந்தப் பள்ளிவாசல் காட்டப்படுகிறது? வேலை போனதா, மகள் பாடசாலைக்குப் போகப் பயப்படுகிறாளா? இணைப்பு, திகதி, திரைப்பிடிப்பு மூன்றும் அன்றைக்கே கோப்பில் ஏற வேண்டும். பத்திரிகை, ஒலிபரப்பு அவதூறென்றால் அறிந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம், ஊர்ச் சங்கம், வட்ஸ்அப் குழு என்று சுற்றிவிட்டு நம்மிடம் வருபவர் அநேகமாக எட்டாவது வாரத்தில்தான் வருகிறார்.