புல்மோட்டை மணலும் புற ஊதா லேசரும்

திருகோணமலையின் எதிர்காலம் பற்றிய பேச்சு துறைமுகத்தோடும் எண்ணெய்க் குதங்களோடும் நின்றுவிடுகிறது. அதே மாவட்டத்தின் வடக்கே, புல்மோட்டைக் கரையின் கருமணல் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது என்று நாம் அதிகம் கேட்பதில்லை.

அந்த மணலில் இல்மனைட், உரூத்தைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் உண்டு. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி எடுக்கிறார்கள். பெயின்றுக்கு வெண்மை தருவது இதுவே. விமான மின்கம்பிகளின் உறையிலும் இதைக் கலக்கிறார்கள். முன்பு அந்த உறையில் சூடான அச்சால் இலக்கம் பதித்தார்கள். உறை வெட்டுப்பட்டு மின்னொழுக்கு ஏற்படும் ஆபத்து இருந்தது. இப்போது 355 நனோமீற்றர் புற ஊதா லேசரைப் பாய்ச்சுகிறார்கள். வெண்பொடி ஒளியை உறிஞ்சிக் கருமையாகிறது. எழுத்து விழுகிறது, உறை துளைபடுவதில்லை.

பெறுமதி கூடுவது பொடியிலும் லேசரிலும்தான். கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கிய 1957 முதல் இங்கிருந்து பெரும்பாலும் போவது மணல்தான். 1997 செப்ரெம்பரில் இல்மனைட் ஏற்ற வந்த கொர்டியாலிட்டி கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டது. போர் 2009 இல் முடிந்தது. ஆனால் மணலை மணலாகவே விற்கும் வழக்கம் முடியவில்லை.

ஆலை வந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. இல்மனைட்டை அமிலத்தில் கரைத்துப் பொடியாக்கினால் அமிலக் கழிவு மிஞ்சும். அது கடலில் கலந்தால் முதலில் இழப்பவர் மீனவர். ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் எந்த நாடு கையொப்பமிடுகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். கழிவுக்கு யார் பொறுப்பு, எங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் தொழில்நுட்பப் பயிற்சி, இந்த மண்ணுக்கு என்ன பங்கு என்று கேளுங்கள்.