கியரை மாத்து மச்சி! - உப்புக்காத்தும் ஒரு ஆர்.எக்ஸ். 100-ம்

"அண்ணா, எங்க ஊருக்கு ஒரு ஆர்.எக்ஸ். 100 விலைக்கு வந்திருக்கு. 65,000 சொல்றாங்க. வாங்கலாமா?"

கோட்டைக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பொன்னேரியில் காலேஜ் செகண்ட் இயர். அப்பா பழவேற்காடு ஏரியில் தொழில். பணம்? அம்மா மகளிர் குழுவில் எடுக்கப்போகிற லோன். "தவணையை நான் பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டிடுவேன்"னு கடைசி வரி. அதைப் படிச்சதும்தான் இந்த வாரம் வேற சப்ஜெக்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

நம்ம ஊர்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ரிப்பேர் பார்த்து நொந்து போறதுக்கெல்லாம் சான்ஸே இல்லை பாஸ். கோவாவில் சான் மோட்டார்ஸ்காரங்க 'ஸ்டார்ம்'னு ரெண்டு சீட், திறந்த கூரை வண்டி ஒண்ணு செஞ்சாங்க. ஃபைபர் பாடி! ஃபைபர் போட் ஓடுற பழவேற்காட்டுக்குப் பொருத்தமான கார் அதுதான், துருவே பிடிக்காது. ஆனா தெருவில் அதைப் பார்த்தவங்க எத்தனை பேர்? நமக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா அது ஆர்.எக்ஸ். 100-தான். 98 சி.சி., 11 குதிரை சக்தி, நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வெயிட். முறுக்கினா பறக்காம என்ன செய்யும்?

1985-ல் வந்த வண்டி, 1996-ல் உற்பத்தி நின்னுடுச்சு. அதாவது, நீங்க வாங்கப்போற வண்டி எவ்வளவு புதுசா பளபளத்தாலும் உங்களைவிட வயசில் மூத்தது. 'அண்ணே'ன்னு கூப்பிடணும்!

முதல்ல ஊரைப் பேசுவோம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லில் செதுக்கின எழுத்தை இன்னிக்கும் படிக்கலாம். அந்தக் கல்லறை வாசலில் நிறுத்துற பைக்கோட ஸ்போக்ஸ் ரெண்டு மழைக்காலம் தாங்காது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பு ஏரி. காத்தில் வர்ற உப்பு இரும்பு மேல உட்கார்ந்து ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். அதனால மெட்ராஸ்ல பத்து வருஷத்தில் பிடிக்கிற துரு அங்கே சீக்கிரமே பிடிச்சுடும். பளிச்சுனு பெயின்ட் அடிச்சிருக்கிற வண்டியைக் கண்டா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. டேங்க்கின் அடிப்பக்கம், பேட்டரி பாக்ஸுக்குக் கீழே ஃப்ரேம், ஸ்விங் ஆர்ம்... எங்கெல்லாம் காந்தம் ஒட்டாம நழுவுதோ, அங்கே பெயின்டுக்குள்ள இரும்பு இல்லை, பட்டி இருக்கு. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ளே காபிப் பொடி மாதிரி கிடந்தா அதெல்லாம் கார்புரேட்டர் ஜெட்டில்தான் போய் அடைக்கும். டேங்க்கைக் கழுவி கோட்டிங் போட 1,500 முதல் 2,000 வரை ஆகும். ஃப்ரேமில் வெல்டிங் தழும்பு தெரிஞ்சா மட்டும் விலையே பேச வேண்டாம், பஸ் ஏறிடுங்க.

அடுத்து இன்ஜின். நாலு விஷயம் கெடும், நாலும் ஒண்ணோடொண்ணு சொந்தம்.

டூ ஸ்ட்ரோக்குக்கு உயிரே 2டி ஆயில்தான். ஆர்.எக்ஸில் அதுக்குத் தனி டேங்க், தனி பம்ப். ஆக்ஸிலேட்டர் கேபிளே பம்பையும் சேர்த்து இழுக்கும். பம்ப் பழுதானா நிறைய பேர் அதைக் கழட்டி எறிஞ்சுட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுவாங்க. தப்பில்லை. லிட்டருக்கு 25-30 மில்லி கலந்தா வண்டி ஓடும். ஆனா விக்கிறவர் அதை உங்ககிட்ட சொல்லணுமே! நான் காலேஜ் படிக்கும்போது வாங்கின வண்டியில் ஆயில் டேங்க் நிறைய ஆயில் இருந்தது. பம்ப்தான் இல்லை. மூணாவது நாள், நடுரோட்டில், 60-ல போகும்போது பின் வீல் கப்புனு பிடிச்சுது. பிஸ்டன் சீஸ்! முழங்கையில் இருக்கிற தழும்புக்கு அந்த மகராசன்தான் காரணம். அதனால முதல் கேள்வியே, "பம்ப் வேலை செய்யுதா, கலந்து ஓட்டுறீங்களா?"

சீஸ் ஆனா போர் பண்ணணும். பிளாக்கைக் கால் மில்லிமீட்டர் பெருசாக்கி அதுக்கேத்த பிஸ்டன் போடுறது. 25, 50, 75, 100-னு நாலு சைஸ். நாலும் முடிஞ்சிருந்தா ஸ்லீவ் மாத்தணும், இல்லைன்னா வேற பிளாக் தேடணும். "எந்த சைஸ்ல இருக்கு?"ன்னு கேளுங்க. ஒழுங்கா பதில் வந்தா அவர் வண்டியைத் தெரிஞ்சவர். போர், பிஸ்டன், ரிங், லேபர் எல்லாம் சேர்த்து 3,500-லிருந்து 4,500.

புகை? காலையில் முதல் கிக்கில் புகை வந்தா பயப்படாதீங்க, டூ ஸ்ட்ரோக்னா அப்படித்தான். அஞ்சு நிமிஷம் ஓடி சூடான பிறகும் வெள்ளையா மண்டிட்டு வந்தா கிராங்க் சீல் போயிருக்கலாம், கியர் ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம். மேக்னட் பக்க சீல் போனா வேற கதை. காத்தை உள்ளே இழுக்கும், ஐடிலிங் தானா ஏறும், மறுபடி சீஸ். சீல் விலை கம்மிதான். ஆனா அதை மாத்த இன்ஜினைப் பிளக்கணும். பிளந்தா கிராங்க் பேரிங்கையும் சேர்த்துப் பார்த்துடுவாங்க. 5,000 காலி.

வண்டியைப் பார்க்கப் போறப்ப போன் பண்ணி, "ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சுட்டா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு நாடகம் முடிஞ்சிருக்கு.

கிளட்ச், டயர், செயின் செட், வயரிங் இதெல்லாம் எந்தப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான். எல்லாம் சேர்த்து 8,000, 9,000 ஒதுக்குங்க. ஒரிஜினல் பார்ட்ஸுக்குத்தான் அலையணும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். 'ஜப்பான் ஒரிஜினல்'னு சொல்லி விக்கிறதெல்லாம் ஜப்பானைப் பார்த்ததில்லை.

இப்ப பேப்பர். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். சுரண்டி அடிச்ச நம்பர்னா நீங்க வாங்குறது வண்டி இல்லை, கேஸ். 15 வருஷம் தாண்டினா 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக்கிட்டாங்க. பசுமை வரி, தாமத அபராதம் எல்லாம் தனி. ஆர்.சி. செத்த வண்டியை வாங்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைக்கவே கூடாது.

சரி தம்பி, உங்க கணக்குக்கு வருவோம். 65,000 வண்டி. மேலே சொன்ன வேலையெல்லாம் வந்தா சுமார் 20,000. ஆக, 85,000. கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரி போக வர சுமார் 40 கிலோமீட்டர். இந்த வயசுக்கு லிட்டருக்கு 38 கொடுத்தா பெரிய விஷயம். ஆயிலோட ஒரு நாளைக்கு 115 ரூபாய், மாசம் 2,500-ஐத் தாண்டும். அதுக்கு மேலதான் குழு லோன் தவணை. அரசு பஸ்ஸில் உங்களுக்கு இலவச பாஸ் இருக்குங்கிறதையும் ஞாபகப்படுத்திடறேன். தவணை ஒரு மாசம் தவறினா குழுவில் பதில் சொல்ல வேண்டியது அம்மா, நீங்க இல்லை.

லோன் எடுத்து இந்த வண்டி வேண்டாம்கிறதுதான் என் பதில். கோபம் வேண்டாம். பார்ட் டைம் வேலைக்கு முதல்ல போங்க, ஒரு வருஷம் சேர்த்துப் பாருங்க. அப்பவும் ஆசை இருந்தா நானே கூட வர்றேன். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. உப்புத்தண்ணியில் இன்ஜினைக் காப்பாத்தத் தெரிஞ்சவர், வண்டியைத் தொட்டுப் பார்த்தே பாதி சொல்லிடுவார்.

ஏற்கெனவே அந்தப் பக்கம் பைக் வெச்சிருக்கிறவங்களுக்கு: வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில் கழுவுங்க. காய்ஞ்சதும் ஸ்போக்ஸ், சைலன்சர் ஜாயின்ட், ஸ்டாண்ட் ஸ்பிரிங் இதுக்கெல்லாம் துணியில் எண்ணெய் தொட்டுத் தடவுங்க. பிரேக் டிரம் பக்கம் மட்டும் எண்ணெய் போகக்கூடாது. ஈரத்தோட தார்ப்பாய் போட்டு மூடிடாதீங்க, உப்பும் ஈரமும் உள்ளேயே உட்கார்ந்து வேலையைக் காட்டும்.

அடுத்த வாரம்: செயின் ஏன் சத்தம் போடுது?