ஏரிக்கரை தரும் அரசியல் பாடம்



டில்லியிலே என்ன நடக்கிறது என்று கேட்டால், விரல் நுனியிலே விவரம் வைத்திருக்கிறீர்கள். கோட்டையிலே பேசப்படுவதைப் பொழுது விடிவதற்குள் அறிந்துகொள்கிறீர்கள். அரசியல் இயக்கத்தில் பணிபுரிவோருக்கு அந்த விழிப்பு வேண்டியதுதான். ஆனால், உங்கள் தெருவிலே பெய்யும் மழைநீர் எந்தக் கால்வாய் வழியே எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டால், உடனே விடை வருமா? 'இதுவும் ஓர் அரசியலா?' என்று புருவம் நெரிப்போர் உண்டு. ஆம், இதுவும் அரசியலே என்று எடுத்துக்காட்டவே இதனை எழுதுகிறோம்.

சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரத்தைப் பாருங்கள். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. காலப்போக்கிலே, ரயிலைத் தொடர்ந்து வீடுகள் வந்தன. வீடுகள் வரவர வயல்கள் மறைந்தன. வயலுக்குப் பாய்ந்த ஏரி கேட்பாரற்றுக் கிடந்தது. ஏரியை நம்பி உழவர் வாழ்ந்தவரையில் அதற்குக் காவல் இருந்தது. உழவு நீங்கியதும் காவலும் நீங்கிற்று. காலையிலே ரயிலேறிப் பட்டணம் சென்று, இரவிலே திரும்புவோருக்கு ஊர் என்பது உறங்குமிடம். உள்ளாட்சி என்பது வரி ரசீது!

அந்த வட்டாரத்துச் சிட்லபாக்கம் ஏரியும் இந்நிலைக்குத் தப்பவில்லை. ஒருபுறம் ஆக்கிரமிப்பு, ஒருபுறம் குப்பைமேடு, நீரிலே கழிவு. 2015-ல் பெருவெள்ளம் சென்னையையும் புறநகரையும் சூழ்ந்தது; 2019 கோடையிலோ, குடிநீருக்காகக் குடம் ஏந்தி மக்கள் வரிசையில் நின்றனர். நான்கே ஆண்டுகளுக்குள் வெள்ளமும் வறட்சியும்! வானத்தை மட்டும் பழித்துப் பயன் என்ன? நீர் தங்கவேண்டிய இடத்தை நாம் பறித்தோம். தங்க இடமின்றி அது வீட்டுக்குள் வந்தது. வந்தது வீணாகிப் போனபின், லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றோம்.

அந்த 2019 கோடையிலே, சிட்லபாக்கத்து மக்கள் மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். வறண்ட ஏரியில் இறங்கித் தூர் வாரினர், குப்பை அகற்றினர். அவர்கள் விடாது எழுப்பிய குரலும் சேர்ந்து, அவ்வாண்டே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. உழைத்த கரங்களை உளமார வாழ்த்துவோம்.

வாழ்த்தியபின், ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 2016 அக்டோபரிலே உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தமிழகத்து நகர்ப்புறங்களிலே அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியிலே! இடையிலே ஐந்தாண்டுக்கு மேல், வீதிமக்கள் கேள்வி கேட்பதற்கு, அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. தனி அதிகாரிகள் ஆண்டனர். மன்றம் மூடிக் கிடந்த காலத்திலேதான் மண்வெட்டி எழுந்தது. ஆனால், மண்வெட்டி மன்றத்துக்கு மாற்றாகிவிடுமா? கோடிக்கணக்கான ரூபாய்ப் பணியைக் கண்காணிப்பது யார்? ஏரிக்கு வரும் கழிவுக்கு மாற்றுவழி காண்பது யார்? ஆக்கிரமிப்பை அகற்றும்போது, கரையிலே குடிசை போட்ட ஏழைக்கு மாற்றிடம் எங்கே என்று கேட்பது யார்? குடிசையை இடித்துவிட்டு, மாடிவீட்டை மறந்துவிட்டால் தட்டிக் கேட்பது யார்? இவை ஞாயிற்றுக்கிழமைத் தொண்டினால் மட்டும் தீர்பவை அல்ல. நீதியோடு முடிவெடுக்கும் மன்றம் வேண்டும். நீதியும் முடிவும் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கேதானே அரசியல் பிறக்கிறது!

2021 நவம்பரிலே தாம்பரம் மாநகராட்சியாயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கங்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாக இணைந்தன. இதிலே நன்மை இல்லாமலில்லை. சிட்லபாக்கத்து உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்கிறது. பேரூராட்சி எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடுமா தண்ணீர்? பல ஊர்களுக்கும் சேர்த்துத் திட்டமிட ஒரு பெரிய அமைப்பு தேவை. ஆனால், பத்து மன்றங்கள் இருந்த இடத்தில் இன்று ஒரே மன்றம், 70 வார்டுகள். நிதி பெருகலாம், நிர்வாகம் பெருகலாம். தெருவிலிருந்து மன்றத்துக்கு உள்ள தொலைவும் பெருகிற்று அல்லவா?

அந்தத் தொலைவைக் குறைக்க ஒரு பாலம் உண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களுக்கு வார்டுக் குழுக்கள் வேண்டுமென்றது. தமிழகத்திலே வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-ல்தான் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1-ல், உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடின. அந்தப் பகுதியின் வாக்காளர் அனைவருக்கும் அங்கே இடமுண்டு. சிற்றூர்க்காரருக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்தாருக்குப் பகுதி சபை அப்படி.

பாலம் இருந்தால் போதுமா? நடக்கக் கால்கள் வேண்டாமா? ஆள் வராத சபையிலே, ஒப்பந்தக்காரரின் குரலே ஊரின் குரலாகிவிடும். பத்துப் பேர் கூடிக் கலைந்தால், பதிவேட்டிலே 'ஊர் ஒப்பியது' என்று எழுதப்படும்.

'சாக்கடையும் தெருவிளக்கும் பேசினால் கொள்கை மங்கிவிடாதா?' என்பர் சிலர். மங்காது, தோழர்களே, துலங்கும். சமத்துவம் பேசும் நாம், குழாய்த் தண்ணீர் மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் ஒன்றுபோல் வருகிறதா என்று பார்க்கவேண்டாமா? மேடையிலே முழங்கிய சொல், தெருவிலே தண்ணீராக வந்து சேரும்போதுதான் மக்கள் அதை நம்புவார்கள்.

ஆகவே, உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கேட்டறியுங்கள். கூட்டப்படவில்லையெனில், கூட்டச் சொல்லி வற்புறுத்துவதே முதற்பணி. கூடினால், தனியே போகாதீர்கள். வாடகைக்குக் குடியிருப்பவரையும், வீட்டு வேலை செய்யும் தாய்மார்களையும், ஏரிக்கரைக் குடிசைவாசியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சென்ற கூட்டத்தில் முடிவானது என்ன, முடிந்தது என்ன, முடியாதது ஏன் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேளுங்கள்.

தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். தெரு தினமும் நம் வாசலில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்!