பங்குக்காரருக்குக் கணக்கு உண்டு, காணி கொடுத்தவருக்கு?

ஸ்கொட்லாந்தின் வடகரையில் பென்ட்லண்ட் நீரிணை என்று ஓர் இடம் உண்டு. கடல் ஏறி வற்றும்போது அங்கே நீர் பெருவெள்ளத்து ஆறு போலப் பாயும். அந்த ஓட்டத்தில் சுழலிகளை இறக்கி மின்சாரம் எடுக்க அட்லாண்டிஸ் என்ற கம்பனி முன்வந்தது. மேஜென் எனப்படும் அத்திட்டத்திற்குச் சொல்லப்பட்ட அளவு 398 மெகாவோட். 2018 இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியபோது கடலடியில் இருந்தவை நான்கு சுழலிகள். நான்கும் சேர்ந்து 6 மெகாவோட். இதே கம்பனி 2011 இல் குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் 50 மெகாவோட் நிலையம் அமைப்பதாக மாநில மின் நிறுவனத்துடன் உடன்பாடு செய்தது. அந்த நிலையம் எழவே இல்லை. பிறகு வேல்ஸில் ஒரு பழைய நிலக்கரி மின்நிலையத்தை வாங்கி, கழிவை எரித்து மின்சாரம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அதுவும் கைவிடப்பட்டது. இதற்கிடையில் கம்பனியின் பெயர் இருமுறை மாறியது. பங்கின் விலை சில பென்ஸ்களுக்கு இறங்கியது.

கடலுக்கடியில் இயந்திரம் ஓட்டுவது இலேசான காரியமல்ல. அங்குள்ள சுழலி ஒன்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழுதுக்காகத் தூக்கப்படாமலே ஓடியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பணம் போட்டவர்களுக்குச் சந்தேகம் வந்தது. எவ்வளவு சொன்னீர்கள், எவ்வளவு செய்தீர்கள், அடுத்த சுழலி எப்போது என்று கேட்டார்கள். பங்குச் சந்தை விதிப்படி கம்பனி ஆண்டுக்கு இருமுறை கணக்குக் காட்டியாக வேண்டும்.

கண்டி மலைகளில் இருக்கும் நமக்கு இது எதற்கு? இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அத்தகைய கம்பனி நாளை இங்கு வரப்போவதில்லை. நமக்கு வேண்டியது அந்தக் கேள்வி கேட்கும் உரிமை.

விக்டோரியா அணையை எடுத்துக்கொள்வோம். 1985 இல் திறக்கப்பட்டது. 210 மெகாவோட் என்றார்கள், அதற்கான இயந்திரங்களையும் பொருத்தினார்கள். மின்சாரத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால் பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த வயல்களும் வீடுகளும் நீருக்குள் போயின. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய சுவர்கள் இன்றும் தலைகாட்டும். வயலைக் கொடுத்தவனும் முதலீட்டாளன்தான். பணம் போட்டவன் பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம். மூழ்கிய வயலை யார் வாங்குவார்?

மகாவலி சி வலயத்திற்குப் போன குடும்பங்களுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் என்பது திட்டம். அதில் உறுதிப்பத்திரம் யார் கைக்கு வந்தது, வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எட்டுகிறதா, பிள்ளைகள் பெருகியபின் அந்த அரை ஏக்கரை எத்தனை பேர் பங்குபோட்டார்கள் என்று ஆண்டுதோறும் அந்தக் குடும்பங்களைக் கூட்டிக் கணக்குச் சொன்னவர் எவருமில்லை. (எம்மைப் போன்ற திருச்சபை அபிவிருத்தி அலுவலகங்களிடம் உதவி தருவோர் செலவுக்கெல்லாம் பற்றுச்சீட்டுக் கேட்கிறார்கள். நியாயமே.)

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கதவைச் சற்றுத் திறந்திருக்கிறது. உங்கள் காணிக் கோவையில் என்ன இருக்கிறது, நட்டஈடு எவ்வளவு என்று தீர்மானித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பிரதேச செயலகத்திலோ மகாவலி அலுவலகத்திலோ தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தனியாகப் போகத் தயங்குவோர் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து போங்கள். பழைய கடிதங்கள், பற்றுச்சீட்டுகள் எது இருந்தாலும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.